ஏழாம் கடலுக்கு அப்பால் பூச்சோங்

மலேசியாவின் பூச்சோங்கில் துருவ நட்சத்திரம் கண்ணுக்குத் தெரியாது. கணக்குப்படி அது வானத்தில்தான் இருக்கிறது. ஊர் நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 3 பாகை வடக்கே இருப்பதால், துருவனும் வடக்கு அடிவானத்துக்கு மேல் 3 பாகை உயரத்தில் நிற்கிறான். கையை நீட்டிப் பிடித்தால் இரண்டு விரல் அகலம். அவ்வளவு தாழ்வாக வரும் ஒளி, தலைக்கு நேர்மேலே இருந்து வருவதைப்போல் பதினைந்து மடங்கு காற்றைக் கடந்து வர வேண்டும். அதோடு கிள்ளான் பள்ளத்தாக்கின் ஈரமும், வடக்கே சுபாங் ஜெயாவிலும் பெட்டாலிங் ஜெயாவிலும் எரியும் விளக்கு வெளிச்சமும் சேர்ந்துகொள்கின்றன. நடுத்தர ஒளி கொண்ட அந்த விண்மீன் இத்தனையையும் தாண்டி நம்மை எட்டுவதில்லை.

திருமணச் சடங்கில் அருந்ததியோடு துருவனையும் மணமகளுக்குக் காட்டச் சொல்கின்றன பழைய கிருஹ்ய சூத்திரங்கள். பூச்சோங்கில் அருந்ததியைக் காட்டிவிடலாம். சித்திரை, வைகாசி முன்னிரவில் அவள் வடக்கே 38 பாகை உயரம் வரை ஏறுவாள். துருவனைப் பொறுத்தவரை திசையை மட்டுமே காட்ட முடியும். இந்தியாவில் எழுதப்பட்ட விதி இங்கே கண்ணுக்கு எட்டாமல் போகிறது. அப்படி ஏன் போகிறது என்று கேட்டால், உலகின் வடிவத்தைப் பற்றிய கேள்விக்குள் வந்துவிடுகிறோம்.

கற்பனை எழுத்தாளர்கள் தட்டையான உலகங்களை விரும்பிப் படைத்திருக்கிறார்கள். டெர்ரி பிராட்செட்டின் வட்டுலக வரிசையில் முதல் நாவல் 1983-இல் வெளிவந்தது. அங்கே வடக்கும் தெற்கும் இல்லை. மையத்தை நோக்கி, விளிம்பை நோக்கி, வட்டு சுழலும் பக்கம், அதற்கு எதிர்ப்பக்கம் என்பவையே திசைகள். டோல்கினின் உலகமும் முதலில் தட்டைதான். ஒரு பேரழிவுக்குப் பிறகே அது உருண்டையாக வளைக்கப்படுகிறது. மேற்கே போன மாலுமிகள் அப்போதுதான் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்கிறார்கள். இப்படி ஓர் உலகில் விண்மீனைப் பார்த்துக் கப்பல் ஓட்ட முடியுமா என்ற கேள்வியை வாசகர்கள் விளையாட்டாகக் கேட்பதுண்டு. நான் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. தட்டை உலகைப் பற்றிய புராணத்தைக் கோவில் மண்டபத்தில் கேட்டுவிட்டு, அதே வாரத்தில் வங்கக்கடலைக் கடக்கப் பாய் விரித்தவர்கள் நம் முன்னோர். அவர்களுக்கு இது வாழ்க்கைக் கேள்வி.

விஷ்ணு புராணம் சொல்லும் உலகத்தை எடுத்துக்கொள்வோம். நடுவில் நாவலந்தீவு, ஒரு லட்சம் யோசனை அகலமுள்ள வட்டம். அதன் மையத்தில் மேரு மலை. தீவைச் சுற்றி ஒரு லட்சம் யோசனை அகல உப்புக்கடல். அதற்கு வெளியே இரண்டு லட்சத்துக்கு ஒரு தீவு வளையம், அதே அகலத்தில் கருப்பஞ்சாற்றுக் கடல். இப்படியே ஒவ்வொரு முறையும் இரட்டித்து மது, நெய், தயிர், பால் என்று போய், 64 லட்சம் யோசனை அகலமுள்ள நன்னீர்க் கடலில் ஏழும் முடிகின்றன. சூரியன் தரையிலிருந்து ஒரு லட்சம் யோசனை உயரத்தில் மேருவைச் சுற்றி வருகிறது. சந்திரன், நாள்மீன்கள், கோள்கள் எல்லாம் அடுக்கடுக்காக அதற்கு மேலே. பதினான்காவது லட்சத்தில் ஏழு முனிவர் மண்டலம், பதினைந்தாவது லட்சத்தில் துருவன். காற்றாலான கயிறுகள் ஒளிகள் எல்லாவற்றையும் அவனோடு பிணைத்துச் சுழற்றுகின்றன.

இந்த உலகில் திசை மேருவைப் பொறுத்து அமைகிறது. எந்த நாட்டில் நின்றாலும் மேரு இருக்கும் பக்கமே வடக்கு. சூரியன் முதலில் தோன்றும் பக்கம் அந்தந்த ஊருக்குக் கிழக்கு. பிராட்செட்டின் மைய நோக்குத் திசைக்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. கற்பனையின் ஒழுங்கைப் பார்க்கும்போது எனக்கு மரியாதையே தோன்றுகிறது. எண்கள் கச்சிதமாக இரட்டிக்கின்றன, திசைகள் முரண்படாமல் பொருந்துகின்றன, இரவும் பகலும்கூட விளக்கம் பெறுகின்றன.

இனி ஒரு மாலுமியை அதில் இறக்கிப் பார்க்கலாம். பாரதவர்ஷம் நாவலந்தீவின் தென்விளிம்பில் இருக்கிறது. மையத்திலிருந்து அதிகம் போனால் 50,000 யோசனை. துருவன் நிற்கும் உயரமோ 15 லட்சம் யோசனை. அப்படியானால் நாகப்பட்டினத்துக் கடற்கரையில் துருவன் 88 பாகை உயரத்தில், ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலே இருக்க வேண்டும். அங்கிருந்து உப்புக்கடலின் ஒரு லட்சம் யோசனையையும் முழுதாகக் கடந்தாலும் அவன் 84 பாகைக்குத்தான் இறங்குவான். ஒரு கடல் முழுவதற்கும் நாலே பாகை. இந்த வானத்தை நம்பி யாரும் எந்தத் துறைமுகத்தையும் கண்டுபிடிக்க முடியாது.

கணக்கைத் திருப்பிப் போட்டேன். துருவன் 15 லட்சம் யோசனை உயரத்தில் இருந்து, பூச்சோங்கில் 3 பாகைக்குத் தெரிய வேண்டுமானால் பூச்சோங் எங்கே இருக்க வேண்டும்? மேருவிலிருந்து 2 கோடியே 86 லட்சம் யோசனை தொலைவில். ஏழு தீவுகளும் ஏழு கடல்களும் 2 கோடியே 53½ லட்சத்தில் முடிந்துவிடுகின்றன. ஆக, புராணப்படி பூச்சோங் ஏழாம் கடலுக்கும் அப்பால் போய் விழுகிறது. நன்னீர்க் கடலைத் தாண்டினால் உயிர்கள் வாழாத பொன் நிலம் என்கிறது அதே புராணம். பழைய இந்திய நூல்களில் மலாய்த் தீபகற்பத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் சுட்டிய பெயர் சுவர்ணபூமி. இது தற்செயல்தான். என்றாலும் கணக்குப் போட்டு முடித்து அந்த இடத்துக்கு வந்தபோது சிறிது நேரம் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

யோசனை எத்தனை கிலோமீட்டர் என்ற சண்டைக்குள் போக வேண்டியதில்லை. துருவன் எவ்வளவு உயரத்தில் இருக்கிறான் என்பதும் தேவையில்லை. விகிதம் ஒன்றே போதும். ஸ்ரீநகரில் துருவன் 34 பாகை உயரத்தில் தெரிகிறான், சென்னையில் 13. பினாங்கில் 5.4, பூச்சோங்கில் 3. உலகம் தட்டை, துருவன் அதன் மையத்துக்கு நேர்மேலே நிற்கும் விளக்கு என்று வைத்துக்கொண்டால், பினாங்கிலிருந்து பூச்சோங் வரையான தூரம் ஸ்ரீநகரிலிருந்து சென்னை வரையான தூரத்தைப்போல் மூன்று மடங்கு வருகிறது. உண்மையில் வடக்கு-தெற்காக அது ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்குதான். 1926-இல் கட்டப்பட்ட ரஜுலா கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று பல பத்தாண்டுகள் ஓடியது. கிள்ளான் பள்ளத்தாக்குத் தோட்டங்களில் இறங்கிய எத்தனையோ குடும்பங்களின் கதையில் அந்தக் கப்பல் வரும். அதில் பினாங்கைத் தாண்டியவர்களுக்குப் போர்ட் சுவெட்டன்ஹாம் ஒரு நாளுக்குள் வந்துவிடும். தட்டை உலகில் அதே பயணத்துக்கு, காஷ்மீரிலிருந்து சென்னைவரை மூன்று தடவை நடக்கும் தூரத்தைக் கடக்க வேண்டியிருந்திருக்கும்.

இந்தக் கணக்கைப் பாய்க்கப்பல் காலத்து மாலுமி எவரும் இப்படிப் போட்டிருக்க மாட்டார். அவர் கையில் இருந்தது ஒரு சிறு பலகையும் முடிச்சுப் போட்ட கயிறும். அரபு மாலுமிகள் அதைக் கமால் என்றார்கள். தமிழ்க் கடற்கரையில் இராப்பலகை. கயிற்றின் முடிச்சைப் பல்லில் கடித்து, பலகையை எதிரே நீட்டி, கீழ்விளிம்பு அடிவானத்திலும் மேல்விளிம்பு துருவனிலும் படுகிறதா என்று பார்க்க வேண்டும். எந்த முடிச்சில் படுகிறதோ அதுதான் அந்த இடத்தின் அளவு. போக வேண்டிய துறைமுகத்துக்குரிய முடிச்சு தெரிந்திருந்தால் போதும். அந்த முடிச்சில் துருவன் உட்காரும்வரை வடக்கோ தெற்கோ ஓட்டிவிட்டு, பிறகு அதே உயரம் மாறாமல் கிழக்கிலோ மேற்கிலோ கரையைப் பிடிக்க வேண்டியதுதான். சோழமண்டலக் கரை மாலுமிகள் இப்படிச் செய்வதைக் கேப்டன் எச். காங்கிரீவ் நேரில் அறிந்து, 1850-இல் மெட்ராஸ் ஜர்னல் ஆஃப் லிட்ரேச்சர் அண்ட் சயின்ஸ் இதழில் எழுதினார். நீராவிக் கப்பல்கள் வந்துவிட்ட காலத்திலும் பலகை புழக்கத்தில் இருந்தது. நம் காலத்தில் புவியியலாளர் பி. அருணாச்சலம் சோழர் கடலோட்ட முறைகளைத் தொகுத்து 2004-இல் நூலாகக் கொண்டுவந்தார். இந்தத் துறையில் தமிழில் இன்னும் நிறைய எழுதப்பட்டிருக்க வேண்டும். கல்வெட்டுக்கும் செப்பேட்டுக்கும் நாம் கொடுத்த கவனத்தில் கால்பங்கைக்கூட கயிற்று முடிச்சுக்குக் கொடுக்கவில்லை.

உயரத்தை அளக்கும் அலகு விரல். அரபியில் இஸ்பா. ஒரு விரல் என்பது சுமார் 1.6 பாகை. கடல் தூரத்தை அளக்க அரபு மாலுமிகள் வைத்திருந்த அலகு ஸாம், மூன்று மணி நேர ஓட்டம், நம் சாமத்துக்குச் சமம். நேர் வடக்கே எட்டு ஸாம் ஓடினால் துருவன் ஒரு விரல் உயர்வான் என்பது அவர்களின் பொதுவிதி. எட்டு ஸாம் என்றால் 24 மணி நேரம். ஒரு பகலும் ஓர் இரவும் ஓடினால் ஒரு விரல். அரபு மாலுமி இப்னு மாஜித் ஏறக்குறைய 1490-இல் முடித்த பெருநூலும், அவருக்குப் பின்வந்த சுலைமான் அல் மஹ்ரியின் நூல்களும் இந்த அளவின் மேல்தான் நிற்கின்றன.

இந்த விதியில்தான் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது. குஜராத் கடலிலும் எட்டு ஸாமுக்கு ஒரு விரல், இலங்கைக்குத் தெற்கிலும் எட்டு ஸாமுக்கு ஒரு விரல். தட்டை உலகில் இது நடக்கவே நடக்காது. விளக்குக் கம்பத்துக்குப் பக்கத்தில் நடக்கும்போது பத்தடிக்குள் விளக்கின் கோணம் சட்டென்று மாறும், தொலைவில் நடக்கும்போது நூறடி போனாலும் அசையாது. மேருவுக்கு மேல் நிற்கும் துருவனும் அப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும். தெற்கே போகப்போக ஒரு விரலுக்கு எட்டு ஸாம் பதினாறாகி, நாற்பதாகி, நூறாகியிருக்க வேண்டும். சம தூரத்துக்குச் சம கோணம் என்ற ஒழுங்கை ஒரே வடிவம்தான் தரும். அது உருண்டை. பலகையைக் கடித்துப் பிடித்திருந்தவர் ஏழு கடலையும் மனதார நம்பியிருக்கலாம். அவர் கையிலிருந்த கயிறு வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருந்தது. அதன்படிதான் கப்பல் கரை சேர்ந்தது.

சித்தாந்த வானியலாளர்களுக்கு இது வெளிப்படையான அறிவு. பொது ஆண்டு 499-ஐ ஒட்டி எழுதிய ஆரியபடர், பூமி உருண்டை, அதன் விட்டம் 1,050 யோசனை என்றார். நாவலந்தீவின் லட்சம் யோசனைக்குப் பக்கத்தில் அது சிறு துண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் பாஸ்கரர் பூமியின் சுற்றளவைக் கண்ட வழி மாலுமியின் விதியேதான். உஜ்ஜயினியில் துருவ உயரம் 22½ பாகை, அது 360-இல் பதினாறில் ஒரு பங்கு. ஆகவே நிலநடுக்கோட்டிலிருந்து உஜ்ஜயினிவரை உள்ள தூரத்தைப் பதினாறால் பெருக்கினால் சுற்றளவு கிடைத்துவிடும். பூமி ஏன் தட்டையாகத் தெரிகிறது என்பதற்கும் அவர் விடை சொன்னார். பெரிய வட்டத்தின் நூறில் ஒரு பங்கு நேர்கோடாகவே தெரியும்.

சித்தாந்திகள் நிலநடுக்கோட்டின் மேல் ஒரு புள்ளிக்கு லங்கை என்று பெயர் வைத்துத் தங்கள் கணக்குகளை அங்கிருந்து தொடங்கினார்கள். இன்றைய இலங்கைத் தீவு அது ஆகாது. அந்த லங்கையில் வடதுருவமும் தென்துருவமும் அடிவானத்திலேயே கிடக்கும், பகலும் இரவும் எந்நாளும் முப்பது முப்பது நாழிகை என்கிறது சூரிய சித்தாந்தம். உஜ்ஜயினியில் இருந்து பார்ப்பவர் கண்ணால் காணாத வானம் அது. பூச்சோங்வாசிகள் அதில் குடியிருக்கிறார்கள். இங்கே ஆண்டு முழுவதும் பகலின் நீளம் இருபது நிமிட அளவுக்குத்தான் கூடிக் குறைகிறது. மிருகசீரிடத்தை ஒட்டிய மூன்று விண்மீன் வரிசை நேர்கிழக்கே எழுந்து, ஏறக்குறைய உச்சியைத் தொட்டு, நேர்மேற்கே இறங்குகிறது. தை மாதத்தில் நகர வெளிச்சத்தையும் மீறி அதைப் பார்க்கலாம். விண்மீன்கள் இங்கே சாய்ந்து எழுவதில்லை, நிமிர்ந்து எழுகின்றன. எழுந்த திசையிலேயே நெடுநேரம் நிற்பதால் சுக்கானைப் பிடிப்பவருக்கு அவை நம்பகமான திசைகாட்டி.

தட்டை உலகம் தடுமாறும் இன்னோர் இடம் தெற்கு. வட்டுக்கு ஒரே மையம்தான், ஆகவே ஒரே சுழற்சிப் புள்ளிதான். மேருவிலிருந்து வெளியே போகிறவர்கள் ஒருவரைவிட்டு ஒருவர் விலகிப் போகிறார்கள். கிள்ளான் கடற்கரையில் தெற்கு நோக்கி நிற்பவரும் ஆப்பிரிக்காவின் சான்சிபாரில் தெற்கு நோக்கி நிற்பவரும் வட்டின்மேல் வேறு வேறு பக்கம் பார்க்கிறார்கள். ஆனால் இருவரும் காண்பது ஒரே தென்சிலுவையை. அது சுற்றி வரும் இரண்டாவது துருவம் வட்டுலகில் எங்கேயும் கிடையாது. சூரிய சித்தாந்தம் தெற்கிலும் ஒரு துருவனை வைத்தது இதனால்தான்.

புராணம் பொய், சித்தாந்தம் மெய் என்று இரு முகாமாகப் பிரித்துவிட்டால் வரலாறு நழுவிப் போகும். இரண்டும் ஒரே ஊரில், சில சமயம் ஒரே வீட்டில் வாழ்ந்தன. ஜான் வாரன் 1825-இல் சென்னையில் வெளியிட்ட காலசங்கலிதம் என்ற நூலில், புதுச்சேரிப் பக்கத்துத் தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் வருகிறார். தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமான வாய்பாட்டைக் கொண்டு அந்த ஆண்டின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் கொடுத்தார். கிரகணம் தொடங்கும் நேரத்தில் அவர் நாலே நிமிடம் பிசகினார். முடியும் நேரத்தில் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். அந்தக் கணக்குக்குப் பின்னால் இருக்கும் வானியல் கோட்பாடு அவருக்குத் தெரியாது என்று வாரன் குறிக்கிறார். பஞ்சாங்கக்காரரின் சோழியும் மாலுமியின் முடிச்சும் ஒரே வகை அறிவு. மனத்திலிருக்கும் உலகப் படத்தைக் கேட்காமலேயே கை சரியாக வேலை செய்கிறது. நம் ஆய்வாளர்கள் ஏட்டில் எழுதியதை மட்டும் அறிவாக எண்ணியதால் இந்தக் கையறிவின் பெரும்பகுதி பதிவாகாமலே போயிற்று. அந்த இழப்பை எண்ணும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அகத்தியர் கதையை இந்த இடத்தில் சொல்ல வேண்டும். கயிலையில் சிவபெருமான் திருமணத்துக்கு எல்லோரும் கூடியதால் வடக்கு தாழ்ந்து தெற்கு உயர்ந்தது. அதைச் சமன் செய்ய அகத்தியர் பொதிகைக்கு அனுப்பப்பட்டார். தட்டையான உலகம் இல்லாமல் இந்தக் கதை இல்லை. அவர் பெயரைத் தாங்கும் அகத்திய விண்மீன் இரவு வானத்தின் இரண்டாவது பிரகாசமான மீன். கயிலை மலையருகே அது உச்சமாக 6 பாகைதான் ஏறும். பொதிகையில் ஏறக்குறைய 29, நாகப்பட்டினத்தில் 26½, பூச்சோங்கில் 34. துருவன் எத்தனை பாகை இறங்குகிறானோ அத்தனை பாகை அகத்தியன் ஏறுகிறான். இரண்டையும் கூட்டினால் எந்த ஊரிலும் 37 பாகையைச் சற்றுத் தாண்டிய அதே எண். வராகமிகிரர் தம் பிருகத் சம்கிதையில் அகத்திய உதயத்துக்கென்றே ஓர் அத்தியாயம் வைத்து, அது ஊருக்கு ஊர் மாறும், கணக்கிட்டே சொல்ல வேண்டும் என்கிறார்.

ஒரே ஊரில் நின்று பார்ப்பவருக்குச் சாய்ந்த தட்டு ஒன்றே இந்தக் காட்சியை முழுமையாக விளக்கிவிடும். தட்டைத் தெற்குப் பக்கமாக 8 பாகை சாய்த்தால், நாகப்பட்டினத்து வானம் பூச்சோங் வானமாகிவிடும். ஒரு பிசகும் இருக்காது. சிக்கல் பயணிக்குத்தான். அவருக்கு நாகப்பட்டினத்தில் ஒரு சாய்வு, பினாங்கில் ஒரு சாய்வு, கிள்ளானில் ஒரு சாய்வு தேவைப்படுகிறது. எல்லா ஊரின் சாய்வையும் விளிம்போடு விளிம்பாக ஒட்டிக்கொண்டே போனால் வருவது உருண்டை. தெற்கே நடந்தபோது வானம் சாய்ந்ததைக் கண்ட யாரோ ஒருவரின் அனுபவம் அகத்தியர் கதைக்குள் படிந்திருக்கிறது என்று நான் நம்புகிறேன். இதற்குச் சான்று கேட்டால் விண்மீன் உயரங்களைத் தவிர என்னிடம் வேறில்லை.

முதலாம் இராசேந்திரனின் கடற்படை 1025-ஐ ஒட்டிக் கடாரத்துக்கு வந்தபோது வானம் இன்றைய வானமாக இருக்கவில்லை. பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் துருவ நட்சத்திரம் அப்போது உண்மையான துருவத்திலிருந்து 6 பாகை தள்ளி இருந்தது. கடாரம் இருந்த கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கு 5.7 பாகையில் இருக்கிறது. அங்கே துருவன் ஒரு சுற்றில் 12 பாகை வரை ஏறி, பிறகு அடிவானத்தைத் தொட்டுவிடுவான். எந்த நேரத்தில் அளப்பது என்று தெரியாதவருக்குப் பலகையால் பயனில்லை. இப்னு மாஜித் காலத்தில் அந்த விலகல் மூன்றரைப் பாகையாகக் குறைந்திருந்தது. இந்த நாள்மீன் உச்சியில் இருக்கும்போது இவ்வளவு கூட்டு, அந்த நாள்மீன் இருந்தால் இவ்வளவு கழி என்று அரபு மாலுமிகள் திருத்தப் பட்டியல் வைத்திருந்தார்கள். கடாரத்தை நெருங்கியபின் ஜெராய் மலை உதவியது. 1,217 மீட்டர் உயரமுள்ள அந்த மலையின் உச்சி, காற்று தெளிவாக இருந்தால், 120 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தே கடலிலிருந்து எழும். முதலில் உச்சி, பிறகு தோள், கடைசியில்தான் கரை. தட்டைக் கடலில் மூன்றும் ஒன்றாகவே தெரிந்திருக்கும்.

கடாரத்துக்குத் தெற்கே துருவன் மேலும் தாழ்ந்துவிடுவதால், அவனை விட்டுவிட்டு அவனைச் சுற்றும் வேறு மீன்களை அளந்தார்கள். அரபு மாலுமிகள் ஃபர்கதான் என்ற இரட்டை விண்மீன்களை எடுத்துக்கொண்டார்கள். சீனக் கடலோடி செங் ஹோவின் பயணங்களை ஒட்டி வரையப்பட்டு, 1620-களில் வூபெய் சி என்ற சீன நூலில் அச்சான கடல் வரைபடங்களிலும், துருவன் தாழ்ந்த இடங்களில் வேறு மீன்களின் விரல் கணக்கு வருகிறது. மலாக்கா நீரிணைக்குள் நுழைந்தபின் அதுவும் போதவில்லை. பாதி விரல் பிழைத்தால் ஐம்பது கடல்மைல் பிசகும். கிள்ளானுக்கு எதிரேயுள்ள மணல்திட்டுகளோ சில மைல் அகலத்துக்கே வழி விடுகின்றன. சுமத்ராப் பக்கமிருந்து குறுக்கே வரும் கப்பல்கள் கோலலங்காட்டின் ஜுக்ரா குன்றை அடையாளமாகக் கொண்டன. போர்ச்சுகீசியர் அதைப் பார்செலார் என்று எழுதினார்கள். பூச்சோங்கிலிருந்து தென்மேற்கே ஒரு மணி நேரக் கார் பயணத்தில் இருக்கிறது. அந்தக் குன்று கண்ணில் படும்வரை மாலுமிகள் கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டி இறக்கி, எத்தனை பாகம் ஆழம், அடியில் சேறா மணலா என்று பார்த்துப் பார்த்தே வந்தார்கள். நீரிணைக்குரிய பழைய அரபு வழிக்குறிப்புகளில் அந்த ஆழங்கள் எண்ணோடு எழுதப்பட்டிருக்கின்றன.